நட்சத்திரம் போட்ட எண்

காலைப் பாசஞ்சர் பாறசாலையில் நின்றதும் ஷிபா உட்கார இடம் தேடுவதில்லை. கழுவுதொட்டிக்கும் கதவுக்கும் இடையில் ஓர் ஆள் ஒடுங்கி நிற்கலாம். அங்கே தோளை முட்டுக்கொடுத்து, சோற்றுப் பையைப் பாதங்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு போனைத் திறந்துவிடுவாள். வியாழக்கிழமை என்றால் பக்கத்தில் யார் பேசினாலும் காதில் ஏறாது. பைதான் என்ற கம்ப்யூட்டர் நிரல்மொழிக்காரர்களின் வாரமடல் ஒன்று அன்றைக்குத்தான் வரும். அதன் கடைசியில் ஒரு பட்டியல்: எந்தத் திட்டத்துக்கு ஆள் வேண்டும், என்ன வேலை, புதியவர்கள் வரலாமா. நெய்யாற்றின்கரையில் கூட்டம் ஏறிக் கையைத் தூக்க முடியாமல் போவதற்குள் அதை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்து முடித்துவிட வேண்டும்.

எல்லாம் திறந்து வைத்த நிரல்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், திருத்தி அனுப்பலாம். கூலி கிடையாது. திருத்தத்தை ஏற்றுக்கொண்டால் உங்கள் பெயர் அதில் நிற்கும், அவ்வளவுதான். திருவனந்தபுரம் பழவங்காடிப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாக ரிப்போர்ட் தட்டச்சு செய்துவரும் முப்பத்தாறு வயதுக்காரிக்கு இதில் என்ன வேலை என்று கணவன் சுபினே ஆரம்பத்தில் கேட்டான். லேபில் தட்டச்சுக்கு மூன்று பேர். இயந்திரங்களை நேரே கம்ப்யூட்டரோடு இணைக்கப்போவதாகவும், அதற்குப் பிறகு ஒருவர் போதும் என்றும் முதலாளி சொல்லிவிட்டார். தபாலில் படித்து வாங்கிய பி.சி.ஏ. பட்டத்தைக் கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. செய்து காட்டிய வேலை எங்கே என்றுதான் எல்லா இடத்திலும் கேட்டார்கள்.

“வேலை தந்தாத்தானே செஞ்சு காட்ட ஒக்கும்? நீச்சல் படிச்சிட்டு வா, பொறவு கொளத்துல எறங்கலாம்னு சொல்லுத மாதிரியாக்கும் அவியளுக்க காரியம்,” என்பாள்.

அப்படித்தான் இந்த வாசலுக்கு வந்தாள். முதல் எட்டு மாதம் அலைச்சல். பெரிய திட்டம் ஒன்றில் ஒரேயொரு எழுத்துப்பிழை திருத்தக் கிடந்தது. ‘எனக்குத் தாருங்கள்’ என்று அதற்கு அறுபத்திரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். இன்னொன்றுக்கு ஒரு திருத்தம் அனுப்பினாள். நான்கு மாதம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, கடைசியில் அதுவாகவே மூடிக்கொண்டது. மூன்றாவதில் ஒரு சந்தேகம் கேட்டாள். ‘விதிகளை வாசிக்கவும்’ என்று பதில் வந்தது, வணக்கம்கூட இல்லாமல்.

அதன்பிறகு அவள் தேடும் விதமே மாறிப்போனது. ‘எல்லோரும் வருக’ என்று எழுதிப்போட்ட முகப்புப் பக்கத்தை இப்போது பார்ப்பதேயில்லை. நேராக உள்ளே போய், வேண்டாமென்று திருப்பி அனுப்பிய திருத்தங்களைத் தேடி எடுத்து வாசிப்பாள். “பெண்ணு பாக்கப் போறவன் முற்றத்தைப் பாத்துட்டு வரப்பிடாது, அடுக்களையைப் பாக்கணும். இல்லேன்னு எப்பிடிச் சொல்லுதாங்கன்னு பாத்தா மதி, ஆளு மனசிலாயிரும்.” போனில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். திட்டத்தின் பெயருக்கு எதிரே ஒற்றைக் குறிப்பு: ‘மூச்சு இல்ல.’ ‘கடிக்கும்.’ ‘பெரிய ஆளுக்க இடம்.’ ‘கேட்டுப் பாக்கலாம்.’

கேட்டுப் பார்க்கலாம் என்று எழுதியவை மொத்தம் நான்கு. அதில் ஒன்று, ரத்த அணு எண்ணும் இயந்திரங்கள் அனுப்பும் எண்களை வாசித்து ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் சிறிய நிரல். ‘இயந்திரத்தை நேரில் பார்த்திருப்பவர் வந்தால் நல்லது’ என்று வாரமடலில் போட்டிருந்ததை வாசித்தபோது வண்டி நெய்யாற்றின்கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் “என் தெய்வமே!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். அந்தத் திட்டத்தைப் பொறுப்பாகக் கவனிப்பவர் மத்தியாஸ் என்று ஆஸ்திரியாக்காரர், ஏதோ ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறார். “இந்த மனுஷன் ஒருத்தருக்கிட்ட வேண்டாம்னு சொல்லதுக்கு மூணு பாரா எழுதிருக்காரு கேட்டோ,” என்று அன்றைக்கு வீட்டில் வந்து வியந்தாள்.

கிடைத்த வேலை இதுதான். சில இயந்திரங்கள் எண்ணோடு வேறு எழுத்துகளையும் சேர்த்து அனுப்பும். வெற்றிடம், காற்புள்ளி, அலகின் பெயர் என்று ஏதாவது. அதைக் கண்டதும் நிரல் திக்கி நின்றுவிடும். ஷிபா பதினோரு வரி எழுதினாள். எண்ணும் தசமப் புள்ளியும் தவிர மற்றதெல்லாவற்றையும் நீக்கிவிடு. மத்தியாஸ் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘நீக்குகிற எழுத்துகளில் பொருள் உள்ளது ஏதேனும் உண்டா? உங்கள் லேபில் பார்த்ததை வைத்துச் சொல்லுங்கள்.’ ‘இல்லை’ என்று ஒரு சொல்லில் பதில் போட்டாள். திருத்தம் ஏறியது. அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் கழக்கூட்டத்து நிறுவனம் ஒன்றிலிருந்து முதன்முதலாக நேர்முகத்துக்கு அழைப்பும் வந்தது. நேர்முகம் போன ஜூலையில், ஒரு வியாழக்கிழமை, மதியம் இரண்டரை மணிக்கு.

அன்று காலை ரயிலில் போனைத் திறந்தால், நிரலின் புதிய பதிப்பு முந்தின இரவு வெளியாகியிருந்தது. நன்றி சொல்லும் வரியில் அவள் பெயர். அதைப் படம் எடுத்துச் சுபினுக்கு அனுப்பினாள். உதியன்குளங்கரையில் வண்டி ஒர்க்‌ஷாப் திறந்துகொண்டிருந்தவன் மூன்று கைகூப்பும் படங்களைத் திருப்பி அனுப்பினான்.

ஜூலை என்றால் திருவனந்தபுரத்தில் மழையும் காய்ச்சலும். லேபில் காலையிலேயே நிற்க இடமில்லை. பதினொன்றே முக்காலுக்குச் சாலைக் கடைவீதியில் மிளகு மொத்த வியாபாரம் செய்யும் திரவியம் என்பவரின் ரிப்போர்ட் அவள் முன்னால் வந்தது. ஐம்பத்திரண்டு வயது, நாலு நாள் காய்ச்சல். அவர் வெளியே பெஞ்சில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். விரல்கள் தட்டத் தொடங்கியபோது அடுத்த அறையிலிருந்து டெக்னீஷியன் ஆர்யா கத்தினாள்.

“சேச்சி, திரவியம் சாருக்கு பிளேட்லெட் அடிச்சோ?”

“தொண்ணூத்திநாலு. அடிக்கப் போறேன்.”

“அடிக்கல்லே, அடிக்கல்லே! ஸ்டார் கண்டில்லே? ஸ்லைடுல நோக்கினேன், பதினெட்டுகூட இல்லா. உடைஞ்ச செவப்பணுவை எல்லாம் மெஷின் பிளேட்லெட்டுன்னு எண்ணி வச்சிருக்கு.”

திரையில் 94 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு நட்சத்திரம். ‘இந்த எண்ணை நம்பாதே, மனிதக் கண்ணால் பார்’ என்று இயந்திரம் சொல்லும் வழி அது. இயந்திரம் காட்டுவது ஆயிரக் கணக்கில். தொண்ணூற்றுநாலாயிரம் என்றால் டாக்டர் மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்புவார். பதினெட்டாயிரம் என்றால் அந்த நிமிடமே படுக்கை வேண்டும். நட்சத்திரம் போட்டவற்றை எப்போதும் ஆர்யாதான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சரிசெய்து தருவாள். ஷிபா தட்டியதெல்லாம் சரிசெய்த எண்ணைத்தான்; அன்று நெரிசலில் அதற்கு முன்பே ரிப்போர்ட் அவளிடம் வந்துவிட்டது. பன்னிரண்டு வருடம் தினமும் கண்ணில் பட்ட அந்த நட்சத்திரம், தட்டச்சுப் பலகையில் இருக்கிற ஓர் எழுத்து என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இப்போது தோன்றியது. எண்ணும் தசமப் புள்ளியும் தவிர மற்றதெல்லாம் நீக்கு.

திரவியத்தை ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வேலை நேரத்தில் போன் மேசை டிராயரில்தான் இருக்க வேண்டும். ஷிபா அதைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். தன் பதினோரு வரிகளைத் திறந்தாள். ஏழாவது வரியில் நட்சத்திரம் சத்தமில்லாமல் செத்துப்போகிறது. பழைய பதிப்பு திக்கி நின்றிருக்கும். நின்றதைப் பார்த்து யாராவது ஒரு மனிதர் இயந்திரத்தை எட்டிப் பார்த்திருப்பார். அவள் அந்தத் திக்கலைச் சரிசெய்து கொடுத்திருந்தாள். நேற்றிரவிலிருந்து இருநூற்றுச் சொச்சம் பேர் புதிய பதிப்பை இறக்கியிருந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்காரர் ‘இந்தப் பதிப்புக்காகத்தான் காத்திருக்கிறோம்’ என்று எழுதியிருந்தது நினைவுக்கு வந்ததும் அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சுபினைக் கூப்பிட்டாள். விஷயத்தை அவன் இரண்டு முறை கேட்டுப் புரிந்துகொண்டான்.

“எட்டி, ரெண்டரைக்குத்தானே இண்டர்வியூ? அவன்மாரு அந்தப் பக்கத்தைத் தொறந்து பாப்பாங்க. எனக்க வேலை தப்புன்னு நீயே மேல எழுதிப் போட்டா பொறவு என்ன இருக்கு? வெளிய வந்துட்டு நாலு மணிக்கு எழுது. நாலு மணிக்கூறுல என்ன ஆயிரப் போவுது?”

“ஆளு செத்திரும்.”

“ஆரு?”

“அதாக்கும் எனக்கும் தெரியாதது. எனக்கு ஒரே பதட்டம், வெப்றாளமா வருது சுபின்.”

அவள் போனை வைத்துவிட்டாள். ஆனால் எழுதவில்லை. இருக்கைக்குத் திரும்பி ஒன்பது ரிப்போர்ட் தட்டினாள். ஒன்பதிலும் ஒவ்வொரு எண்ணையும் மூன்று முறை பார்த்தாள். பன்னிரண்டரைக்குச் சொல்லிக்கொண்டு கிளம்பி, கிழக்கேகோட்டையில் கழக்கூட்டம் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மழைக்கு ஷட்டர் இறக்கியிருந்தது, உள்ளே புழுக்கம். ‘உங்கள் பங்களிப்பைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் சொல்வதற்கு ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் மனப்பாடம் செய்துவைத்திருந்தாள். உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். முதல் வாக்கியம் வந்தது. ‘தேவையில்லாத எழுத்துகள் அனைத்தையும்’ என்று தொடங்கும் இரண்டாவது வாக்கியம் வாயில் பாதியிலேயே நின்றது. மறுபடி முதலிலிருந்து சொன்னாள். மறுபடி அதே இடம்.

பாளையம், பட்டம் நிறுத்தங்களுக்கு நடுவில் போனை எடுத்து, தன் திருத்தம் இருந்த அதே பக்கத்தில் எழுதினாள். அலங்காரம் எதுவும் இல்லாத ஆங்கிலம்: ‘நேற்றைய பதிப்பில் என் திருத்தம் தவறு. இயந்திரம் சந்தேகத்துக்குப் போடும் நட்சத்திரத்தை அது அழித்துவிடுகிறது. நோயாளிகளுக்கு ஆபத்து. தயவுசெய்து பதிப்பைத் திரும்பப் பெறுங்கள்.’

திரும்பப் பெறும் அதிகாரம் மத்தியாஸுக்கு மட்டும்தான். அவர் பதில் இல்லை. உள்ளூர் என்ற நிறுத்தத்தில் பஸ் நின்றபோது வேறு யாரோ எழுதினார்: ‘எங்களிடம் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆதாரம் இருக்கிறதா?’

ஆதாரம் வேண்டுமானால் இயந்திரம் அனுப்பும் வரி எழுத்துக்கு எழுத்து அப்படியே வேண்டும். நோயாளியின் விவரம் ஒன்றும் வெளியே போகக் கூடாது. ஷிபா ஆர்யாவைக் கூப்பிட்டாள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு காதில் போனை அழுத்திப் பிடித்தாள்.

“ஆர்யா, மெஷின் அனுப்புத வரியைக் காட்டுத சர்வீஸ் ஸ்கிரீனைத் தொறப்பியா? பேரு வாசிக்காத. பிளேட்லெட் வரி மட்டும்.”

“டாக்டர் இங்கே நில்க்குன்னு சேச்சி...”

“ஒரு நிமிஷம் மோளே. ஒரே ஒரு வரி.”

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஆர்யாவின் குரல் தாழ்ந்து வந்தது. “ஒன்பது, நாலு. ஒரு ஸ்பேஸ். பின்னே ஸ்டார்.”

“ஸ்டாருக்குப் பொறவு?”

“ஒண்ணும் இல்லா. அவிடெ தீர்ந்து.”

“ஒரு ஸ்பேஸ்தானா? நல்லாப் பாரு.”

“ஒண்ணுதான் சேச்சி, எண்ணிட்டேன். எந்தா, அழுகையா?”

“இல்ல. மழை.”

அந்த வரியை எழுதினாள். பழைய பதிப்பில் கொடுத்தால் என்ன வரும், புதிய பதிப்பில் கொடுத்தால் என்ன வரும் என்று கீழே எழுதினாள். நிஜ எண்ணிக்கை பதினெட்டுக்கும் குறைவு என்று எழுதினாள். அனுப்பியபோது ஸ்ரீகார்யம் நெரிசலில் பஸ் அசையாமல் நின்றது. திரையைக் கீழே இழுத்து இழுத்துப் பார்த்தாள். காரியவட்டம் வந்தது, போனது. பதில் இல்லை.

கழக்கூட்டத்தில் நிறுவனத்தின் வரவேற்பறை கண்ணாடியாகவும் குளிராகவும் இருந்தது. நனைந்த சுரிதார் ஓரத்தை நாற்காலிக்கு அடியில் ஒதுக்கிவைத்து உட்கார்ந்தாள். இரண்டு இருபத்தைந்துக்கு வரவேற்பில் இருந்த பெண் அவள் பெயரைச் சொல்லி, போனை அணைத்துவிட்டு உள்ளே போகச் சொன்னாள். “ரெண்டு நிமிஷம்,” என்றாள் ஷிபா. “சார் காத்திருக்கார்,” என்றாள் அவள். ஷிபா எழுந்து நின்றாள். அணைக்கவில்லை. இரண்டு இருபத்தேழுக்குத் திரை ஒளிர்ந்தது. மத்தியாஸ் இந்த முறை மூன்று பாரா எழுதவில்லை: ‘சோதித்தேன். நீங்கள் சொல்வது சரி. பதிப்பைத் திரும்பப் பெற்றுவிட்டேன். இறக்கிய எல்லோருக்கும் எச்சரிக்கை போகிறது.’

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர் அனீஷ் என்று பெயர் சொன்னார். அவள் பக்கத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்புக் கட்டத்துக்குள், அவளுடைய வாக்கியமே நின்றது.

“இது இன்னு நடந்நதாணோ?” என்று அனீஷ் மலையாளத்தில் கேட்டார்.

“ஆமா சார். பதினோரு வரியும் எனக்கதாக்கும். தப்பும் எனக்கது.” பதற்றத்தில் வீட்டுத் தமிழ் வந்துவிட்டது. அவருக்கு அது புரிந்தது, தமிழிலேயே தொடர்ந்தார்.

“எழுதினது பன்னெண்டு அம்பதுக்கு. தெரிஞ்சது எப்போ?”

அவள் சுவரைப் பார்த்தாள். நேரம் அங்கே எழுதியிருந்தது. தெரிந்த நேரம் எங்கும் எழுதியிருக்கவில்லை. என்ன சொன்னாலும் அவர்கள் நம்பித்தான் ஆகவேண்டும்.

“பதினொண்ணே முக்காலுக்கு.”

“எழுதுற வரைக்கும்?”

“பயந்துட்டு இருந்தேன் சார்.”

ஓரத்தில் இருந்தவர் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு அரை மணி நேரம் வேறு கேள்விகள் கேட்டார்கள். என்ன கேட்டார்கள், தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு இன்றுவரை சரியாக நினைவில்லை.

அடுத்த செவ்வாயன்று மின்னஞ்சல் வந்தது. வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். அந்தச் சிவப்புக் கட்டத்தாலா, வயதாலா, பயந்துட்டு இருந்தேன் என்ற பதிலாலா, யாருக்குத் தெரியும். நாலு மணிக்கு எழுது என்று தான் சொன்னதைச் சுபின் பிறகு ஒருபோதும் எடுக்கவில்லை.

மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்தும் எழுதியிருந்தார்கள். அன்று காலை புதிய பதிப்பில் முப்பத்தொரு ரிப்போர்ட் போயிருந்தது. எச்சரிக்கை கண்டதும் இயந்திரத்தின் நினைவிலிருந்து எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்ததில் இரண்டில் நட்சத்திரம். ஒருவர் வார்டிலேயே இருந்தார். இன்னொருவர், ஒரு கர்ப்பிணிப் பெண், வீட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தார். மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பி, பஸ்ஸுக்குக் காத்து நின்றவரைச் சாலையிலேயே பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்தார்களாம். ஷிபா அந்தக் கடிதத்தை ஆர்யாவுக்கு வாசித்துக் காட்டினாள், சுபினுக்கு வாசித்துக் காட்டினாள். அதில் பஸ் நிறுத்தம் வரும் வரியை ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை வாசிப்பாள். “நான் மாடிப்படியில வச்சே எழுதிருந்தா அந்தப் பெண்ணு ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டிருக்காது,” என்பாள். திரவியமும் பிழைத்து, பதினைந்தாம் நாள் மறுபரிசோதனைக்கு வந்து, ஊசி குத்தியது வலிக்கிறது என்று ஆர்யாவோடு சண்டை பிடித்துவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து மத்தியாஸ் ஒரு கடிதம் எழுதினார். இனி முடிவு எண்களைத் தொடும் எந்தத் திருத்தமும் ஷிபா பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே ஏற வேண்டும், அந்தப் பொறுப்பை ஏற்க முடியுமா? அவள் இரண்டு நாள் சரி என்று சொல்லவில்லை.

“தப்பு செய்தவளைப் பிடிச்சுக் காவலுக்கு வச்சா எப்பிடி? எனக்கு ஒக்காது.”

“வேற ஆளு ஆரும் கெடைக்கலையோ அவருக்கு?” என்றான் சுபின்.

“அதையும் கேட்டேன். இல்லைங்காரு.”

கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். லேபில் இருக்கும் ஒருவர் சொல்வதை மட்டும் நம்பி எதையும் ஏற்றக் கூடாது, தான் சொன்னாலும்கூட. மூன்று இயந்திரங்களிலிருந்து மாதிரி வரி வேண்டும். மத்தியாஸ் அதை விதிகளில் சேர்த்துவிட்டார்.

இயந்திரங்களை இணைக்கும் பேச்சு லேபில் இன்னும் பேச்சாகவே இருக்கிறது. ஷிபா காலையில் ரிப்போர்ட் தட்டுகிறாள். லீவு நாட்களில் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து, முகம் தெரியாதவர்களின் திருத்தங்களை வாசிக்கிறாள். போன இரண்டாம் சனிக்கிழமை புதிதாக ஒருவரிடமிருந்து ஒன்று வந்திருந்தது. ‘இது என் முதல் திருத்தம்’ என்று தொடங்கிப் பணிவாக, நீளமாக எழுதியிருந்தார். ஆறே வரி, சுத்தமான வேலை. எல்லாச் சோதனைகளும் தேறிப் பச்சை காட்டின. மாதிரி வரிகள் மூன்றும் இருந்தன. அடுக்களையிலிருந்து சுபின் மீன்குழம்பு ஆறுகிறது என்று இரண்டாம் முறை கூப்பிட்டான்.

“இதா வாறேன்,” என்று சொல்லி, அவள் ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானுக்கு மேலே அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினாள். பிறகு வலது கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, இடது விரலால் திரையை நகர்த்தி, முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினாள்.